நாச்சிமுத்து ஓடி வந்துகொண்டிருக்கிறார்

கேமராவில் டைமரை அமுக்கிவிட்டு, படத்தில் நிற்பதற்காக ஓடி வந்த நாச்சிமுத்து இன்னும் வந்து சேரவில்லை. அன்று அவருடைய மகள் தாரிகாவுக்குக் காதுகுத்து. தாரிகா இப்போது ஈரோட்டில் கல்லூரிக்குப் போய் வருகிறாள். தினம் ஒரு தோடு மாற்றுகிறாள்.

வாசல் ஒன்றும் அப்படிப் பெரிய வாசல் இல்லை. நாலு எட்டு வைத்தால் கடந்துவிடலாம். இந்தப் பக்கம் ஸ்டூல் மேல் கேமரா, அந்தப் பக்கம் சுவரோரமாகக் குடும்பம். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். நாச்சிமுத்து பிறவி அவசரக்காரர். அவர் ஓடிய ஓட்டத்தில் வாசல் நீண்டுவிட்டது.

அவரைப் பார்க்க வேண்டுமென்றால் கேமராவின் பின்பக்கத் திரையில் பார்க்கலாம். முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருப்பார். புதுச்சட்டை. காலரில் கடைக்காரர் குத்திய குண்டூசியைக்கூட எடுக்கவில்லை. கேமராவின் முன்னால் சின்ன சிவப்பு விளக்கு நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

இதை முதலில் பார்த்தவள் அவர் மனைவி பரிமளா. அன்று எல்லோருமாகச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துப்போனபோது, "பட்டன அவரு சரியா அமுக்கலையாட்டங்குது" என்று எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். திரையில் முதுகு தெரிந்தது. "வந்துட்டுத்தான் இருக்கறாரு" என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். சொந்தக்காரர்கள் சிரித்த முகத்தோடு கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். வந்ததும் ஒரு போன் போடச் சொன்னார்கள்.

வீட்டு ஆட்கள் மட்டும் விட்டுவிடவில்லை. தினமும் சாயங்காலம், காதுகுத்து அன்று விழுந்த அதே வெயில் வாசலில் விழும்போது நிற்க வந்துவிடுவார்கள். நாச்சிமுத்துவின் அக்கா பழனியம்மாள் நாற்காலியில் உட்காருவார். தாரிகா அவர் காலடியில் சம்மணமிட்டு உட்காருவாள். முன்பு மடியில் உட்கார்ந்தவள், இப்போது மடி கொள்ளாது. நாற்காலிக்கு இடப்பக்கம் இடம் விட்டிருப்பார்கள். பரிமளா கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெயில் இறங்கியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

பரிமளாவுக்கு அந்த முதுகு மனப்பாடம். வியர்வை எங்கே தொடங்கி எங்கே பரவியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். மற்ற பெண்களுக்குப் புருஷனின் முகம்தான் வாய்க்கிறது, பாதி நாள் அதுவும் சிடுமூஞ்சி. தனக்கு முதுகு. அதிலும் ஒரு ஆறுதல் இருக்கிறது, அது எரிந்து விழுவதில்லை என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுவதும் உண்டு.

இந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு திரையின் மூலையில் பேட்டரி சிவப்பாகிவிட்டது.

கேமராவோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பிரச்சினைகளும் தீர்வுகளும் போட்டிருந்தார்கள். படம் மங்கலாக இருந்தால், லென்ஸ் உள்ளே போகாமல் நீட்டிக்கொண்டு நின்றால், கண்கள் சிவப்பாக விழுந்தால் என்று வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் முதல் தீர்வு ஒன்றுதான்: கேமராவை அணைத்துவிட்டு மறுபடி போடவும். அது ஆகாத காரியம். அணைத்தால் டைமர் அழிந்துவிடும். டைமர் அழிந்தால் அவர் இதுவரை ஓடிய ஓட்டமும் அதோடு போய்விடும், ஓடியவரும் போய்விடுவார். பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போடுவதும் அணைப்பதும் ஒன்றுதான். பேட்டரி தானாகத் தீர்ந்தாலும் அதே கதிதான்.

கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஷாஜகானை வரச் சொன்னார்கள். இந்த மாதிரி கேமராவை இப்போது யாரும் வைத்திருப்பதில்லை என்பதால் அவர் மிக்ஸியும் ரிப்பேர் பார்க்கிறார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், குனிந்து திரையைப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க ஓடறாரு. காலு ஒண்ணும் தளரல."

"காலு கெடக்குதுங்க. பேட்டரி?" என்றாள் பரிமளா.

"இன்னிக்குத் தாங்குமுங்க. நாளைக்குச் சொல்ல முடியாது." அவர் கேமராவைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இத்தன வருசம் தாங்கினதே பெருசு. தெரைய ரொம்ப நேரம் பாப்பீங்களா?"

நாற்காலியிலிருந்து பழனியம்மாள்தான் சொன்னார். "வெடிஞ்சா பாப்பா. அடுப்புல பால வச்சுட்டு வந்து பாப்பா. பாலு பொங்கி ஊத்தினாலும் பாத்துட்டே நிப்பா."

"அதாங்க. தெர எரியறதுக்குத்தான் சார்ஜ் போகுது. நீங்க பாக்கப் பாக்கத் தீந்துட்டு இருக்குது."

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் பரிமளாவுக்கு உறைத்தது. புருஷனைப் பார்த்துப் பார்த்தே அவர் வருகிற வழியைச் செலவழித்திருக்கிறாள். கையால் திரையைப் பொத்தினாள். பொத்தின விரலிடுக்கு வழியாகவும் பார்த்தாள்.

ஷாஜகான் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். "கார்டுல எடமில்லீங்க. அவரு வந்தாலும் எங்க நிப்பாரு? ஒரு படத்த அழிச்சாகோணும்."

டைமர் ஓடும்போதே பழைய படங்களைப் பார்க்க ஒரு வழி இருந்தது. பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாரிகா பிடித்துக்கொண்டாள். படங்கள் வரிசையாக வந்தன. ஒரு படத்தில் பெரிதாக, சிவப்பாக, மங்கலாக என்னவோ தெரிந்தது. நாச்சிமுத்து லென்ஸை மறைத்துக்கொண்டு எடுத்த தன் கட்டைவிரல்.

"இத அழிச்சுரலாமுங்க" என்றார் ஷாஜகான்.

"அய்யோ, அதெப்படீங்க! அது அவரு வெரலு" என்றாள் பரிமளா.

மொட்டைத் தலையோடு தாரிகா அழுகிற படத்தை தாரிகாவே அழிக்கச் சொன்னாள், வீட்டில் கேட்கவில்லை. பழனியம்மாள் கோணலாக நிற்கிற படத்தை பழனியம்மாள் அழிக்க விடவில்லை. கடைசியில் மேற்கே இருக்கும் சின்னக் குன்றான கரட்டின் படம் வந்தது. பஸ் ஜன்னல் வழியாகச் சும்மா எடுத்தது.

"யாரும் ஏறாத கரடு. ஒரு ஆடு மேயறதில்ல. போகட்டும்" என்றார் பழனியம்மாள்.

அழித்தார்கள். மேற்கே கரடு இருந்த இடம் காலியாயிற்று. அதனால் வழக்கமாக மறைந்துபோகும் நேரத்துக்குப் பிறகும் வெயில் வாசலில் நின்றது. நல்லதாகப் போயிற்று என்றார் ஷாஜகான், ஃபிளாஷ் போட்டால் பேட்டரி தாங்காது.

ஆனாலும் சிவப்பு விளக்கு வேகமெடுக்கவில்லை. ஆள் பக்கத்தில் வந்துவிட்டால் விளக்கு படபடவென்று சிமிட்ட வேண்டும். ஷாஜகான் மறுபடி குனிந்தார். கேமரா முகங்களைக் கண்டுகொண்டால் ஒவ்வொரு முகத்தையும் சுற்றி மஞ்சளாக ஒரு கட்டம் போடும். பழனியம்மாளுக்குக் கட்டம் இருந்தது. தாரிகாவுக்கு இருந்தது. நாற்காலிக்கு இடப்பக்கம் விட்டிருந்த இடத்தை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, இது ஒரு ஆளு நிக்கற எடமில்லீங்களே. ரெண்டு ஆளு நிக்கலாமே. இங்க வேற யாரு நின்னது?"

தாரிகா மெதுவாகச் சொன்னாள், "அம்மாதானுங்க."

"அவிய எந்திரிச்சு இங்க வந்துட்டாங்களாக்கும். அதான் சங்கதி. அவரு யாரு பக்கத்துல நிக்கோணும்னு ஓடறாரோ அவிய அங்க இல்ல. அவரு எங்கீங்க போய்ச் சேருவாரு?"

பரிமளா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அங்கே போய் நின்றால் அவரைப் பார்க்க முடியாது. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் வெறும் வாசலும் ஸ்டூலும் கேமராவும்தான். இத்தனை வருஷமும் முதுகாவது தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது. அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது, இருந்தும் நாத்தனாரிடம் சொன்னாள்.

"அந்த முதுகுக்கு முப்பத்தஞ்சு வயசுங்க நங்கையா. அப்படியே இருக்கறாரு. எனக்குத் தல நரச்சுருச்சு, கண்ணாடி போட்டுட்டேன், ஆளே மாறிட்டேன். ஓடி வந்து நிமுந்து பாத்து, இது யாருன்னு கேட்டுட்டார்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

பழனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ற தம்பி தொவரம்பருப்பு வாங்கச் சொன்னா கடலப்பருப்பு வாங்கிட்டு வருவான். ஆனா ஒரு நாளாச்சும் வீடு மாறிப் போனதில்ல. வெசனப்படாம வந்து நில்லு."

பரிமளா வந்து நின்றாள். கேமராவுக்குப் பின்னால் ஷாஜகான் நின்றுகொண்டார். அவள் புடவையைச் சரிசெய்தாள். கண்ணாடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துப் போட்டபடியே விட்டாள். சிரித்தாள்.

"கட்டம் வல்லீங்க" என்றார் ஷாஜகான்.

இன்னும் நன்றாகச் சிரித்தாள்.

"பப்பாளி மரத்துல ஒரு காய்க்குப் போட்டுருச்சு. உங்களுக்கு வல்ல."

காய்க்குக்கூட முகம் தெரிகிறதாம். பரிமளா தலையைச் சாய்த்துப் பார்த்தாள், கன்னத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள், காதுகுத்து அன்று எப்படி நின்றாளோ அப்படி நிற்கப் பார்த்தாள். பேட்டரியின் சிவப்பு அணைந்து அணைந்து எரிவதாக ஷாஜகான் சொன்னார். தாரிகா அம்மாவின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள். வெயில் தரையை விட்டுச் சுவரில் ஏறியது. எதிரே வெறும் வாசல். இத்தனை வருஷம் கூடவே இருந்த முதுகையும் விட்டுவிட்டு வந்ததற்கு இதுதான் மிச்சமா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"ஏனுங், எத்தன நேரமுங்க! வெயிலு போகுதில்ல! ஒரு பட்டன அமுக்கிப்போட்டு வாரதுக்கு இத்தன நேரமா? பந்தியில எல வாடுது, கொழந்த அழுகுது, நானும் எத்தன நேரந்தான் இளிச்சுட்டே நிக்கறது? வாங்க சீக்கிரம்!"

"வந்துருச்சு, வந்துருச்சுங்க!" என்றார் ஷாஜகான். "அப்படியே திட்டுங்க, நிறுத்தாதீங்க!"

விளக்கு படபடவென்று சிமிட்டியது. பரிமளா நிறுத்தவில்லை. வாங்கி வைத்த பூ வாடியதையும் தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஆளில்லாததையும் தாரிகா முதல் மார்க் வாங்கிய அன்று யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நின்றதையும் சொல்லித் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே புதுச்சட்டையின் கஞ்சி வாசனை வந்தது. மூச்சிரைக்கும் சத்தம் வந்தது. இடது தோளில் ஒரு தோள் வந்து இடித்தது. க்ளிக்கென்றது.

விளக்கு அணைந்தது. கேமரா லென்ஸை உள்ளே இழுத்துக்கொண்டு ஓய்ந்தது.

"வந்துட்டனா?" என்றார் நாச்சிமுத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"வந்துட்டீங்க" என்றாள் பரிமளா. காலரிலிருந்த குண்டூசியை உருவித் தன் முந்தானையில் குத்திக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கண்ணாடி எப்பப் போட்டே?"

"போன மாசி."

"நல்லாத்தான் இருக்குது." பிறகு கீழே பார்த்தார். "கண்ணு, எந்திரி, எந்திரி, ஒசரம் பாக்கலாம்." தாரிகா எழுந்து நின்றாள். அவர் தோளைத் தாண்டியிருந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்து, அந்தக் கையை அப்படியே தன் காதுக்குக் கொண்டுவந்து அளந்துகொண்டார். பழனியம்மாள் நாற்காலியிலிருந்தபடியே தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஷாஜகான் பேட்டரியைக் கழற்றி, உள்ளே போய் சார்ஜ் போட்டு, கொஞ்சம் ஏறியதும் கொண்டுவந்து மாட்டினார். எல்லோரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார்கள். பரிமளா வாயைத் திறந்து திட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாச்சிமுத்து வேட்டியைப் பிடித்தபடி சிரித்தார். எல்லா முகமும் தெளிவாக விழுந்திருந்தது. படத்தின் ஓரத்தில் இன்னொருவரும் இருந்தார். பெல்பாட்டம் பேண்ட்டும் அகலமான காலரும் போட்டு, கழுத்தில் காய்ந்துபோன ரோஜாமாலையோடு நின்றிருந்தார்.

"இவரு?" என்றாள் பரிமளா.

"வழியில வந்துட்டு இருந்தாரு" என்றார் நாச்சிமுத்து, சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே. "தங்கச்சி கல்யாணத்துல டைமர் வச்சுட்டு ஓடியாந்தாராம். அங்க எல்லாரும் எப்பவோ கலஞ்சு போயிட்டாங்களாம். நிக்க எடமில்லாம சும்மா ஓடிட்டு இருந்தாரு. எங்கூட்டுல நிக்கறாங்க வாங்கன்னு கூட்டியாந்துட்டேன்."

பரிமளா திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரோரமாக, படத்தில் இருந்த அதே இடத்தில், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, அசையாமல் சிரித்துக்கொண்டு நின்றார். பரிமளா உள்ளே போய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டாள்.

"எடுத்தாச்சுங்க" என்றாள்.

அவர் சிரிப்பை விட்டுவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார்.