மாற்றின வால்வு

"சொல்லீருங்க, அவ்வளவுதானுங்க நான்..."

"சொன்னா என்னாகும்னு உனக்கு..."

"சொல்லாட்டி என்னாகும்னு கோயமுத்தூர் டாக்டர் சொன்னாரே, அது காதுல ஏறலீங்களா?"

பல் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ராஜவேலும் மனைவி சித்ராதேவியும் உள்ளேயே இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் கோயமுத்தூரில் நெஞ்சைத் திறந்து ராஜவேலுக்கு இதய வால்வு மாற்றினார்கள். ஊருக்குச் சொன்னது, சாயப்பட்டறைக்கு மிஷின் பார்க்கக் குஜராத் போயிருக்கிறார் என்று. அன்றிலிருந்து தழும்பு தெரியாமல் சட்டையைக் கழுத்துப் பித்தான் வரை போடுகிறார். மகள் மதுமதியைப் பெண் பார்க்க வந்தவர்கள், சம்பந்தி எவ்வளவு அடக்கம் என்று அதைத்தான் மெச்சிப் போனார்கள்.

நிச்சயமான மாப்பிள்ளை நித்தீஷ்தான் இங்கே பல் டாக்டர். மாமனாருக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. வேறு டாக்டரிடம் போனால் மாப்பிள்ளையின் கைராசியைச் சந்தேகித்ததாகிவிடும்.

கோயமுத்தூர் டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். பல்லைப் பிடுங்கினால் ஈறில் இருக்கிற கிருமி ரத்தத்தில் இறங்கும். போய் அந்த வால்வில் குடியேறினால் உயிருக்கே ஆபத்து. பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால், பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிருமிக்கு மருந்து கொடுத்துவிடுவார். ராஜவேலுக்கு மருந்தை விழுங்குவது கஷ்டமில்லை, சொல்லை வெளியே விடுவதுதான் கஷ்டம். தை பிறந்தால் கல்யாணம். பரம்பரைக் கோளாறு என்று எவனாவது கிளப்பிவிட்டால்?

வெளுக்காத துணியைச் சாயத்தில் இறக்கினவனைப் பட்டறையை விட்டே அனுப்பின ஆள் இவர். சித்ராதேவி அதையும் எடுத்தாள். "துணிக்குப் பாக்கற சுத்தம் உங்க ரத்தத்துக்கு வேண்டாங்களா?"

"செரி, சொல்றேன்" என்று இறங்கினார்.

சொல்லவும் செய்தார். நாற்காலியில் சாய்த்துவைத்து, எல்லாரிடமும் கேட்பதைத்தான் நித்தீஷ் கேட்டார். "ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா மாமா?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை. போன வருஷம் ஒரு வால்வு மாத்துனோம்."

"பாய்லர்லீங்களா? எங்கப்பா பட்டறையிலயும் அதே தொல்லைதானுங்க மாமா." சிரித்துக்கொண்டே, மரத்துப்போக வைக்கிற ஊசியை எடுத்தார்.

ராஜவேல் பொய் சொல்லவில்லை. சொல்லிட்டேன் பாத்துக்கோ என்பதுபோல் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிம்மதியாக வாயைத் திறந்தார்.

சித்ராதேவி எழுந்து வந்தாள். ஒரு வருஷமாகத் திறக்காத அந்தக் கழுத்துப் பித்தானைக் கழற்றினாள்.

"ஊசியக் கீழ வையுங்க மாப்பிள்ளை. அந்த வால்வு பட்டறையில இல்லீங்க, இந்தச் சட்டைக்குள்ள ஓடீட்டு இருக்குதுங்க."