சாயம் ஏற்றாத வேர்

அந்தப் படத்தைப் பார்க்காமல் பல்கலைக்கழகத்தின் அந்தத் துறைக்குள் ஒருவரும் நுழைய முடியாது. மாடிப்படி ஏறியதும் எதிர்ச் சுவரில் நாலடி அகலத்துக்கு மாட்டி வைத்திருந்தார்கள். கரும்பு வேரின் குறுக்குவெட்டு அது. கறுப்புப் பின்னணியில் பச்சைப் பசேலென்று ஒளிரும் வட்டங்கள். கரும்பு வேருக்குள்ளேயே குடியிருந்து அதற்குச் சத்து ஊட்டும் ஒரு பாக்டீரியாவை முதன்முதலில் கண்ணுக்குக் காட்டிய படம் என்று கீழே தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. பெரிய மனிதர்கள் வந்தால் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். முதலாமாண்டுப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். படத்தை எடுத்தவள் கலைவாணி. அந்தப் பச்சை பாக்டீரியாவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

யாரும் வரைந்து ஒட்டிய பொய் இல்லை அது. அவசரத்தில் பிறந்து, கைதட்டலில் வளர்ந்த பொய். அந்த வகைப் பொய்க்குத்தான் ஆயுள் அதிகம்.

ஐந்து வருஷத்துக்கு முன் திருப்பதியில் அவர்கள் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட மைக்ராஸ்கோப் கிடையாது. லேசர் வெளிச்சத்தில் வேரை அடுக்கடுக்காகப் பார்க்கும் அந்த இயந்திரத்துக்காக ஹைதராபாத்துக்கு ரயிலேற வேண்டும். கலைவாணி ஐஸ் டப்பாவில் வேரை வைத்து, டப்பாவை மடியில் வைத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போனாள். அங்கே கிடைத்தது இரண்டு மணி நேர ஸ்லாட். இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. சாயம் ஏற்றிய வேரைப் பார்க்கும்போது, சாயமே ஏற்றாத வேர் ஒன்றையும் அதே வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும். சில செடிகளுக்குத் தானாகவே மின்னும் குணம் உண்டு. சாயம் ஏற்றாததும் மின்னினால், நீ பார்த்தது பாக்டீரியா அல்ல, வேர்தான். இது பாலபாடம்.

ஆனால் அடுத்தவர் வீட்டு இயந்திரத்துக்குப் போகிறவர்களுக்கு வேறொரு பழக்கம் உண்டு. நேரம் முடிந்துவிடுமோ என்ற பயத்தில் நல்ல வேரைத்தான் முதலில் வைப்பார்கள். கலைவாணியும் அதைத்தான் செய்தாள். படம் பச்சையாக வந்து விழுந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஸ்லாட்காரர் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். போனில் அவள் ஆராய்ச்சி கைடு விஜயராகவன் கேட்டார்: "படம் வந்துடுச்சா? போதும்மா. சாயம் போடாததை அடுத்த தடவை பாத்துக்கலாம்." அடுத்த தடவை வரவே இல்லை. கட்டுரைதான் வந்தது. முதல் பெயர் கலைவாணி, கடைசிப் பெயர் விஜயராகவன்.

கலைவாணியின் ஊர் பாலசமுத்திரம். நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா வீராசாமி பாதி ஆயுளை அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டியே கழித்தவர். இப்போது ஒன்றரை ஏக்கர் அவர் பெயரில் இருக்கிறது, அதிலும் கரும்புதான். மகள் கரும்பு வேரை வைத்து டாக்டர் பட்டம் வாங்கியதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பட்டம் வாங்கி மூன்று வருஷமாகியும் அவள் வேலை மார்ச்சுக்கு மார்ச் ஆட்டம் காணும் தற்காலிக வேலைதான். புராஜெக்ட் இருந்தால் நாற்காலி உண்டு, முடிந்தால் பையைத் தூக்க வேண்டியதுதான்.

இந்த வருஷம் பல்கலைக்கழகமே சொந்தமாக அந்த மைக்ராஸ்கோப்பை வாங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு நிரந்தர விஞ்ஞானி வேலை. கலைவாணிக்காகவே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. தேர்வுக் குழுவில் விஜயராகவனும் இருந்தார். "உன் படத்தைக் காட்டு, பத்து நிமிஷம் பேசு, வேலை உனக்குத்தான்" என்றார்.

அவளுக்கு இன்னொரு வேலையும் தெரியும். வேரிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, கோடிக்கணக்கான துண்டுகளாகப் படித்து, எந்தத் துண்டு எந்த உயிருடையது என்று கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்ப்பது. இன்டர்வியூவில் படத்தோடு சேர்த்து இதையும் காட்டினால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று நினைத்து, முப்பது வேர்களைப் பொருத்திப் பார்த்தாள். கரும்பு இருந்தது. மண்ணில் திரியும் ஏதேதோ கிருமிகள் இருந்தன. அந்தப் பாக்டீரியா மட்டும் இல்லை. முப்பதில் ஒன்றில்கூட இல்லை. புரோகிராமில் தப்பு என்று மூன்று தடவை மாற்றி எழுதினாள். மூன்று தடவையும் இல்லை என்றே வந்தது. நாலாவது நாள், ஐந்து வருஷம் முன்பு விட்டுப்போன வேலையைச் செய்தாள். சாயம் ஏற்றாத வேரைப் புது மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

பச்சைப் பசேலென்று மின்னியது. சுவரில் தொங்கும் படத்தைவிட நன்றாகவே மின்னியது.

அன்றே விஜயராகவன் அறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் திரையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லா வேரும் லைட்டா மின்னும்மா. நம்ம பாக்டீரியா அதுக்கு மேல மின்னும். இது தெரியாதா உனக்கு?"

"லைட்டா இல்ல சார். ஒரு தடவை பாருங்களேன்."

"இன்டர்வியூ முடியட்டும், பாக்கலாம். இப்ப போய் எதையாவது கிளறிக்கினு இருக்காதே."

மனுஷர் அயோக்கியர் இல்லை. அந்தப் பாக்டீரியாவை அவர் உளமார நம்பினார். அதுதான் வம்பே. அயோக்கியனாக இருந்தால் பயப்படவாவது செய்வான்.

இன்டர்வியூ அன்று நாலு பேர் காத்திருந்தார்கள். கலைவாணி மூன்றாவது. அட்டெண்டர் சிரஞ்சீவி கதவைத் திறந்து, "மேடம், ரண்டி" என்று தெலுங்கில் உள்ளே கூப்பிட்டார். உள்ளே விஜயராகவன், பல்கலைக்கழகத்தின் இரண்டு பெரியவர்கள், பெங்களூரிலிருந்து வந்திருந்த நந்திதா என்ற மைக்ராஸ்கோப் நிபுணர், ஆக நாலு பேர். நந்திதா ஏற்கெனவே இரண்டு பேரைக் கேள்வியால் துளைத்து அனுப்பியிருந்தார்.

கலைவாணி முதல் ஸ்லைடில் இரண்டு படங்களை வைத்திருந்தாள். இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. இரண்டும் கரும்பு வேர், இரண்டும் பச்சை.

"இரண்டையும் போன வாரம் எடுத்தேன். ஒரே வெளிச்சம், ஒரே அளவு" என்றாள் இங்கிலீஷில். "ஒன்றில் சாயம் ஏற்றிய பாக்டீரியாவை விட்டிருக்கிறேன். இன்னொன்றில் எதுவுமே இல்லை, வெறும் வேர். எது எது என்று சொல்ல முடியுமா?"

தேர்வு எழுத வந்தவள் தேர்வு வைக்கிறாளே என்று பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஜயராகவன்தான் சிரித்தபடி முன்னால் சாய்ந்தார். தன் மாணவி ஏதோ வித்தை காட்டுகிறாள், தானும் கைகொடுப்போம் என்று நினைத்திருப்பார்.

"வலதுபக்கம். இதில் என்ன சந்தேகம்? என் பாக்டீரியாவை எனக்குத் தெரியாதா?" என்றார்.

"வலதுபக்கம்தான் வெறும் வேர், சார்."

விஜயராகவன் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கலைவாணி நிறுத்தவில்லை. முப்பது வேர்களின் டி.என்.ஏ. கணக்கைக் காட்டினாள். கடைசி ஸ்லைடில் சுவரில் தொங்கும் அதே படத்தைப் போட்டு, "இதுவும் வெறும் வேரின் வெளிச்சமே" என்றாள்.

நந்திதா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் படத்தை எடுத்தது யார்?"

"நான்."

"சாயம் ஏற்றாத வேரைப் பார்க்காமல் விட்டது?"

"அதுவும் நான்தான். நேரம் முடிந்துவிட்டது. அப்புறம் ஊரே கைதட்டியது, நானும் மறந்துவிட்டேன்."

"பாலபாடத்திலேயே தவறிய ஒருவரை நம்பி இந்த இயந்திரத்தை நாங்கள் ஏன் ஒப்படைக்க வேண்டும்?"

கலைவாணிக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. "இந்த மேஜையின் முன்னால் இன்று உட்காரும் நாலு பேரில் தன் தப்பைச் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், மேடம். மற்றவர்கள் தப்பே செய்யாதவர்கள் என்று நீங்கள் நினைத்தால் அவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்."

நந்திதா தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு விஜயராகவன் கூப்பிட்டனுப்பினார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவர் தணிந்த குரலில் பேசினார். கத்தலே தேவலாம் என்றிருந்தது.

"அந்த அம்மா உன்னைத்தான் எடுக்கணும்னு ஒத்தக்காலில் நிக்கறாங்க. மத்த ரெண்டு பேரும் நான் சொல்ற பக்கம் சாய்வாங்க. அஞ்சு மணிக்கு லிஸ்ட்ல கையெழுத்து. நான் உன் பேரைச் சொல்றேன். கோபமெல்லாம் எனக்குக் கிடையாது."

"தேங்க்ஸ் சார்."

"ஆனா இந்த விஷயம் இந்த ரூமைத் தாண்டக் கூடாது. கட்டுரையைத் திரும்ப வாங்கறேன், பத்திரிகைக்கு லெட்டர் போடறேன்னு கிளம்பாதே. இன்னும் ஆராய்ச்சி பண்றோம்னு சொல்லிக்குவோம். அதுல ரெண்டு வருஷம் ஓடிடும். நானும் ரிடயர் ஆயிடுவேன். சரியா?"

லெட்டர் ஏற்கெனவே அவள் லேப்டாப்பில் எழுதி முடித்துக் கிடந்தது. அவருக்கு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம் டைம் குடுங்க சார்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று நைனாவுக்குப் போன் போட்டாள். பெரிய ஆள்தான், முப்பது வயது, டாக்டர் பட்டம். ஆனாலும் அந்த நேரத்தில் வேறு யாரும் தோன்றவில்லை.

"இன்னாம்மா, துன்னியா?"

"துன்னேன் நைனா. வேலை கைக்கு வந்துடுச்சி. ஆனா ஒரு சிக்கல் கீது." சுருக்கமாகச் சொன்னாள். தப்பை மூடி வைத்தால் வேலை, வெளியே சொன்னால் வேலை இல்லை.

வீராசாமிக்குப் பின்னால் எங்கேயோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பு உன்னுதா?"

"என்னுதுதான்."

"சொல்லாங்காட்டி யாருக்கு இன்னா நஷ்டம்?"

"அந்தப் படத்த நம்பி ஒரு கம்பெனிக்காரன் மருந்துத் தண்ணி பண்ணி விக்கறான் நைனா. கங்காதர நெல்லூர் பக்கம், வெதுருகுப்பம் பக்கம் எல்லாம் வாங்கிக் கரும்புக்கு ஊத்திக்கினு கீறாங்க. யூரியா போடத் தேவையில்லன்னு சொல்லி."

"உன் படம் ஒட்டின பச்ச கேனு, அதுவா?"

கலைவாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"போன தபா நம்ம கொல்லைக்கும் அதான ஊத்தினேன். பொண்ணு கண்டுபிடிச்சதுன்னு பக்கத்துக் கொல்லைக்காரனுக்கும் வாங்கிக் குடுத்தேன். யூரியா போடல. கரும்பு ரெண்டு பேருக்கும் நோஞ்சானா நின்னுது. மழ சரியில்லன்னு சொல்லிக்கினோம். உங்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு சொல்லல."

ஒரு வருஷ உழைப்பைத் தின்ற தப்பைத் தன் தகப்பனே மழையின் தலையில் கட்டி மறைத்து வைத்திருக்கிறார், மகள் மனசு நோகக் கூடாதென்று. அவமானமும் ஆத்திரமுமாக நெஞ்சு எரிந்தது.

"நைனா..."

"இன்னும் எத்தினி பேரு ஊத்திக்கினு கீறானுங்களோ. இத்தப் போயி இன்னாத்துக்கு எங்கிட்ட கேட்டுக்கினு கீற? வையி போன."

அவள் லேபுக்குள் போனாள். லேப்டாப்பைத் திறந்தாள். லெட்டரில் இரண்டு வரி சேர்த்தாள்: இந்தக் கட்டுரையை நம்பித் தயாரிக்கப்படும் திரவம் விவசாயிகளுக்கு விற்கப்படுகிறது, அது வேலை செய்கிறது என்பதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. பத்திரிகை ஆசிரியருக்கு, கட்டுரையில் பெயருள்ள எல்லோருக்கும், மாவட்ட விவசாய அலுவலகத்துக்கு, நந்திதாவுக்கு. அனுப்பிவிட்டாள். மணி மூன்றரை.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை, விஜயராகவன் போனைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் வேகவேகமாக வந்தார். கலைவாணி லேப் வாசலுக்கு வந்தாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே? உன் பேரை அடிச்சுட்டேன். தெரியுதா? லிஸ்ட்ல உன் பேரு இல்ல!"

"அடிச்சுக்குங்க சார்."

"இனிமே எந்த லேப்காரன் உன்னைச் சேர்ப்பான்? சொந்தக் கட்டுரையைத் தானே குப்பையில போட்டவள்னு ஊரெல்லாம் சொல்லுவான்!"

"நல்லாச் சொல்லட்டும். நான் போற இடத்துல நானே முதல்ல சொல்லுவேன். உங்க லிஸ்ட்ல என் பேரை நீங்க அடிக்கலாம் சார். அந்தக் கட்டுரையில அடிக்க முடியாது. அதுல முதல் பேரு என்னுது, அதைத் திரும்ப வாங்கற லெட்டர்லயும் முதல் பேரு என்னுதுதான்."

அவர் லேபுக்குள் போய் அந்த லேப்டாப்பையே பிடுங்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஓரடி எடுத்து வைத்தார். எட்டு வருஷமாக அவர் வரும்போதெல்லாம் சுவரோடு சுவராக ஒட்டி வழிவிட்ட கலைவாணி இன்று வாசலின் நடுவிலேயே நின்றாள். நகரவில்லை. கடைசியில் அவர்தான் திரும்பிப் போனார்.