ஆத்திர மூட்டை

துணி அலமாரிக்குள் நின்றுகொண்டு ஒரு மனிதன் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டால், முடியும். சிடுமூஞ்சி அப்படித்தான் நடத்தினான். வலப்பக்கம் மனைவியின் கம்பளிச் சட்டைகள், இடப்பக்கம் அவனுடைய பழைய ஆபீஸ் சட்டைகள், மூக்குக்கு நேரே மைக். சுற்றித் துணி இருந்தால் குரல் எதிரொலிக்காது. கதவையும் சாத்திக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க, வீடியோ கேம்களை விமர்சனம் செய்வான். வாரம் தவறாமல் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஜனம் மறந்துவிடும்.

சிடுமூஞ்சி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சேனலைப் பார்க்கிறவர்கள் வைத்தது. உண்மையில் அவனைப் போல ஒரு சாதுவை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆறிப்போன காபியைக் கொண்டுவந்து வைத்தாலும் ‘பரவால்லீங்க’ என்று குடித்துவிட்டு எழுந்து வருகிற ரகம். அவன் தலையில் போய் இந்தப் பெயர் விடிந்தது பாருங்கள்!

அதற்கு முன்னால் அவன் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவசர அழைப்பு மேஜையில் உட்கார்ந்திருந்தான். ஊரில் எந்த லிஃப்ட் பாதியில் நின்றாலும், உள்ளே இருப்பவர் மணியை அழுத்தினால், அவன் காதில்தான் அடிக்கும். ‘பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க’ என்பான். ஆள் வரும்வரை இணைப்பைத் துண்டிக்க மாட்டான். முதலில் அவர்கள் கத்துவார்கள், கம்பெனியை வைவார்கள், அழுவார்கள். அவன் பதில் பேசாமல் இருந்தால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, எதையாவது சொல்ல ஆரம்பிப்பார்கள். ஒரு அம்மாள் தன் தங்கையோடு பேச்சுவார்த்தை நின்றுபோன கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். பக்கத்து நாற்காலி அக்கா, அந்த மேஜையில் எல்லோருக்கும் மூத்தவள், ‘உன் குரல்ல மயக்க மருந்து கலந்திருக்குடா’ என்பாள்.

அந்தக் குரலில்தான் சேனலையும் ஆரம்பித்தான். மாலையில் வீட்டுக்கு வந்து, பிடித்த கேமைப் பற்றி நிதானமாகப் பேசிப் போடுவான். கேம்களில் காத்திருப்பது என்றால் என்ன என்று ஒரு வீடியோ செய்தான். பார்த்தவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வரிசையைக்கூட நிரப்ப மாட்டார்கள். ஆனால் பார்த்தவர்கள் உருகி உருகி எழுதினார்கள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம் கடைவாய்ப் பல் வலி வந்தது. கன்னம் வீங்கி, கண்ணில் நீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே கொண்டாடிய ஒரு பெரிய கேமைப் பற்றிப் பேச உட்கார்ந்தான். வாயைத் திறந்தால் ஆத்திரம்தான் வந்தது. ‘அடச்சீ!’ என்று ஒரு போடு போட்டான், மேஜையைக் குத்தினான். மறுநாள் கீழ் வீட்டுப் பல் டாக்டர் அந்தப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். அதற்குள் வீடியோ தீயாய்ப் பரவிவிட்டது. பல் போயிற்று, ஆத்திரத்தை மட்டும் விடக்கூடாது என்று ஜனம் உத்தரவு போட்டுவிட்டது.

ஆறு மாதத்தில் வேலையை விட்டான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவன் மனைவிதான், ‘ஆசைப்பட்டதைச் செய்யுங்க, நான் இருக்கேன்ல’ என்று தைரியம் சொன்னாள். கடைசி நாளன்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘போடா, நீயாவது தப்பிச்சே’ என்றாள். 

கத்திக் கத்தி ஒரு கட்டத்தில் தொண்டை கிழிந்துபோயிற்று. மனைவியின் தம்பிதான் அதற்கு வழி கண்டுபிடித்தான். அச்சகத்து வேலையை விட்டுவிட்டு அத்தானை நம்பி எடிட்டிங்குக்கு வந்தவன். அந்தத் தம்பியின் மனைவி வேறு அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். ‘அத்தான், தொண்டை நல்லா இருக்குற அன்னைக்கு எல்லாக் கத்தலையும் மொத்தமா கத்திக் குடுத்துடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்’ என்றான். அன்று ஒரு முழுப் பகல் சிடுமூஞ்சி அலமாரிக்குள் நின்று விதவிதமாகக் கத்தினான். அடச்சீ, என்னய்யா இது, தூங்கிட்டானுங்களா, பெருமூச்சு, பல்லைக் கடிப்பது, வெளியே வந்து ஒரு மேஜைக் குத்து. மச்சினன் அவற்றை வகை பிரித்து ஒரு ஃபோல்டரில் போட்டு, ‘ஆத்திர மூட்டை’ என்று பெயரும் வைத்தான்.

அதிலிருந்து வேலை சுலபமாயிற்று. சிடுமூஞ்சி சொல்ல வேண்டியதைச் சாதாரணக் குரலில் பேசி, கம்ப்யூட்டரில் வழக்கமான இடத்தில் வைத்துவிடுவான். மச்சினன் திரையில் மேலும் கீழுமாக ஓடும் குரலின் கோட்டைப் பார்த்து, எங்கெல்லாம் இடைவெளி விழுகிறதோ அங்கெல்லாம் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, குழம்புக்கு உப்புப் போடுவதுபோல் போட்டு வெளியிட்டுவிடுவான். ஜனம் கைதட்டும். தன் வாயே தன்னுடையதில்லை என்று ஆகிவிட்டதை நினைத்து சிடுமூஞ்சி சில நாள் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்க்காமலே தேய்த்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சின்னக் கேம் வந்தது. ஒரே ஒரு பெண் தனியாக உட்கார்ந்து வருடக்கணக்கில் செய்தது. கூடவே நாலு வரி எழுதியிருந்தாள். ‘காத்திருப்பதைப் பற்றிய உங்கள் பழைய வீடியோவைக் கேட்டுத்தான் இதில் ஒரு பெரியவரை வைத்தேன். நல்லதோ கெட்டதோ, உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.’

மத்தியானம் சோபாவில் சாய்ந்தபடி விளையாட ஆரம்பித்தான். ஒரு பேருந்து நிலையம், அதில் தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் அறை, அங்கே நீங்கள்தான் பொறுப்பாளர். வருகிறவர்கள் அடையாளம் சொல்வார்கள், நீங்கள் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். தினமும் ஒரு பெரியவர் வந்து குடையைக் கேட்கிறார். அறையில் குடையே கிடையாது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ‘சரி, நாளைக்கு வரேன்’ என்று போய்விடுகிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, கையை எடுங்க. அவர் என்னமோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு.”

கையை எடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. பெரியவர் நின்றார். பேருந்துகள் வந்தன, போயின. பொறுமை போய்விடும் போலிருந்த நேரத்தில் பெரியவர் மெல்ல எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். குடை அவருடையதே இல்லை. யாரோ ஒருத்தி மழைக்கு இரவல் கொடுத்தது. திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் மறுபடி பார்க்க ஒரு சாக்கு இருக்குமே என்று வைத்திருந்தாராம்.

சிடுமூஞ்சி அழுதுவிட்டான். லிஃப்ட்டுக்குள்ளிருந்து அந்த அம்மாளின் குரல் அடங்கி வந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. வீடியோ பதிவு செய்யவே மறந்துபோயிருந்தான்.

“நீங்க விளையாடி நான் பாத்தே எத்தனை நாளாச்சு!” என்றாள் மனைவி. “சும்மா வேலைதானே பாக்குறீங்க.”

மறுநாள் மறுபடி விளையாடிப் பதிவு செய்துகொண்டு, அலமாரிக்குள் போய்ப் பேசினான். பழைய குரலில் பேசினான். ‘இந்த இடத்துல ஒண்ணுமே நடக்காது’ என்று சொல்லிவிட்டு, பெரியவர் நின்றாரே, அதே அளவுக்குப் பேசாமல் இருந்தான். அப்புறம், ‘அந்த ஒண்ணுமே நடக்காத இடத்துக்காகவே இந்த கேமை விளையாடுங்க’ என்றான். பேச்சைவிட மௌனம் அதிகம். வெளியே வந்தபோது, இதற்காகத்தானே வேலையை விட்டோம் என்று மனசு நிறைந்து கிடந்தது.

வழக்கமான இடத்தில் வைத்தான். மச்சினனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், ‘இது ஓடாது அத்தான்’ என்பான். வாதம் வரும். வாதத்தில் சிடுமூஞ்சி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. கேட்டாலே புரிந்துகொள்வான், சும்மா விட்டுவிடுவான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு காய்கறி வாங்கப் போனான்.

சாயங்காலம் மச்சினன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “அத்தான், பிச்சுக்கிட்டுப் போகுது! இந்த மாதிரி ஒண்ணு நம்ம வாழ்க்கையிலயே போட்டதில்ல!”

சிடுமூஞ்சிக்கு முகம் மலர்ந்தது. போனை வாங்கிப் பார்த்தான். ‘இந்த இடத்துல ஒண்ணுமே நடக்காது’ என்றது அவன் குரல். உடனே, ‘அடச்சீ!’ பெரியவர் நிற்கிறார். ‘தூங்கிட்டானுங்களா!’ பெரியவர் இன்னும் நிற்கிறார். மேஜைக் குத்து, பெருமூச்சு, மறுபடி மேஜைக் குத்து. அவன் விட்ட அத்தனை மௌனத்திலும் மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டியிருந்தான் பாவி. பெரியவர் பெஞ்சில் உட்காரும் இடமே அதில் இல்லை.

“டேய், நான் என்ன பேசியிருக்கேன்னு கேட்டியா நீ?”

“நான் எப்ப அத்தான் கேட்டிருக்கேன்?” மச்சினன் நிஜமாகவே திகைத்துப்போனான். “கோட்டைப் பாத்துதானே போடுவேன்? எப்பவும் போலதானே வெச்சீங்க? இந்தத் தடவை இவ்ளோ இடம் விட்டிருக்காரே, அத்தான் செம கோவத்துல இருக்காருன்னு நெனச்சேன்.”

அவனைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் எரிச்சல்.

“எடுத்துடுடா,” என்றாள் சிடுமூஞ்சியின் மனைவி. தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். தன் வீட்டில் பிறக்கப்போகும் குழந்தை அவன் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் எடுத்துவிட்டான், அந்த வரைக்கும் நல்ல பையன். எடுத்து என்ன பிரயோஜனம்? அதற்குள் ஆளாளுக்கு நறுக்கி எடுத்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கேம் பக்கத்தில் அடச்சீ, அடச்சீ என்று வரிசையாக எழுதிவைத்தார்கள்.

சிடுமூஞ்சி அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினான். தான் பேசியதை ஒரு கத்தலும் சேர்க்காமல் அப்படியே போட்டான். அதையாவது ஜனம் ஒழுங்காகக் கேட்டதா? ‘இந்த அமைதிதான்யா பயங்கரம், எப்ப வெடிக்கப் போறாருன்னே தெரியல’ என்று கடைசிவரை வெடிக்குக் காத்திருந்துவிட்டு, வெடிக்கவில்லை என்று வைதார்கள்.

இரண்டொரு நாளில் அவள் பதில் வந்தது. ‘உங்கள் மேல் கோபம் இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில்தான் திட்டுகிறார்கள். அதனால் பெரியவரை எடுத்துவிட்டேன். இப்போது கேம் வேகமாகப் போகிறது.’

மனைவி படித்துவிட்டு அவன் தோளில் கை வைத்தாள். மச்சினன் அடுத்த வாரத்து கேமை அனுப்பியிருந்தான். சிடுமூஞ்சி குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு, போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான்.

திரும்பி வந்து தரைத்தளத்தில் லிஃப்ட்டுக்குள் ஏறினான். கதவு மூடிக்கொண்டது. மாடி எண்ணை அழுத்தப் போன விரல் பக்கத்தில் இருந்த மணியில் போய் நின்றது. அந்த மணி எங்கே போய் அடிக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? மேல் மாடியிலிருந்து யாரும் லிஃப்ட்டைக் கூப்பிட்டுவிடாதபடி சிவப்புப் பொத்தானைப் போட்டு லிஃப்ட்டை நிறுத்திவிட்டு, மணியை அழுத்தினான்.

“பயப்படாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன். எந்த மாடியில நிக்குது?” அக்காவின் குரல்.

“அக்கா, நான்தான்.”

“அடப்பாவி, நீயா! மாட்டிக்கிட்டியா?”

“இல்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு கேம்ல ஒரு பெரியவர் வருவார், அவர்...”

“இருடா, இரு! ஏய், இங்க வாங்கடி எல்லாரும், நம்ம சிடுமூஞ்சி லைன்ல!” நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. “ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எங்க வீட்ல பெரிசு சிறுசு எல்லாம் உன் பைத்தியம்டா. எங்க, அந்த அடச்சீயை ஒரு தடவை சொல்லு!”

“அக்கா, அந்தப் பெரியவர்...”

“சொல்லுடா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க!”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “அடச்சீ!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

அந்தப் பக்கம் சிரிப்பு பொங்கியது. யாரோ கைதட்டினார்கள். நடுவில் இன்னொரு மணி அடித்தது. “வெச்சுடறேன்டா, யாரோ நிஜமாவே மாட்டிக்கிட்டாங்க” என்று அக்கா இணைப்பைத் துண்டித்தாள்.

வெளியே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

“யாருங்க உள்ள? சத்தம் கேட்டுச்சே. மாட்டிக்கிட்டீங்களா?” கீழ் வீட்டுப் பல் டாக்டர்.

சிவப்புப் பொத்தானை எடுத்துவிட்டால் போதும், கதவு திறந்துவிடும். அவன் விரல் அதன்மேல்தான் இருந்தது.

“ஆமாங்க,” என்றான். பழைய குரல்.

டாக்டர் சிரிக்கவில்லை. “பயப்படாதீங்க,” என்றார். “கம்பெனிக்கு போன் போடுறேன். ஆள் வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன், என்கிட்ட பேசிட்டு இருங்க.”

சிடுமூஞ்சி பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். கீழே உட்கார்ந்து, கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பேருந்து நிலையத்தில் குடை கேட்டு வரும் பெரியவரைப் பற்றி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.