குறுக்கே இரண்டு மூங்கில்

காரி மூடியைத் திறந்தபோது அப்பாவின் சாம்பல் பெட்டி நழுவிக் கவிழ்ந்தது. மலையெங்கும் பறக்க வேண்டிய அப்பா, பனிச்சறுக்குப் பாதையின் நட்டநடுவில் மொத்தமாகக் கொட்டிக் கிடந்தார். புதுப்பனியில் கட்டில் அகலத்துக்குக் கருஞ்சாம்பல் திட்டு.

"அங்கிள், இப்ப என்ன பண்றது?"

"உங்கப்பன் எதைத்தான் சத்தமில்லாம செஞ்சான்?" என்றார் வெண்டல்.

இந்தப் பனிச்சறுக்கு மலையின் காவல் குழுவில் அப்பாவோடு வேலை பார்த்தே தலை நரைத்தவர் அவர். நேற்றுவரை இங்கே சாம்பல் தூவச் சம்மதிக்கவே இல்லை. காரணமும் அப்பாதான். யாராவது சாம்பலோடு மலையேறும் லிஃப்டில் ஏறினால் ஓடிப்போய் மறிப்பது அப்பா ஆர்லோதான். "கறுப்பு பட்டா வெயில்ல பனி உருகும். ராத்திரி இறுகிக் கல்லாயிடும். காலைல எவனாவது காலை உடைச்சுக்குவான்" என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஆஸ்பத்திரியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மேலயே தூவிடு" என்று கெஞ்சினார்.

"சட்டமெல்லாம் ஊருக்குத்தானாப்பா?"

"கொஞ்சங் கொஞ்சமாத் தூவினா ஒண்ணும் ஆகாதுடி."

இப்போது கீழே லிஃப்ட் ஓடத் தொடங்கியிருந்தது. வெண்டல் மண்வெட்டியை எடுத்தார்.

"ஆளுங்க வந்துடுவாங்க. வாரி மரத்தடில போட்டுடறேன்."

"அப்பாவை மண்வெட்டியாலயா?" காரி குறுக்கே வந்து நின்றாள். "என்னால முடியாது அங்கிள்."

அவர் மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவராலும் முடியவில்லை. பிறகு பனியில் இழுத்து வந்த ஸ்லெட்ஜ் வண்டியிலிருந்து இரண்டு மூங்கில் கழிகளை உருவி அவளிடம் நீட்டினார். பாறை தெரிந்தாலும் பள்ளம் விழுந்தாலும் சறுக்கி வருகிறவர்கள் ஒதுங்கிப் போவதற்காக, அதற்கு மேலே பெருக்கல் குறிபோலக் குறுக்காக நடுகிற கழிகள். அப்பா இந்த மலையில் நடாத இடமில்லை.

"மேல்பக்கமா நடு. தூரத்துலயே தெரியணும்."

காரி நட்டாள்.

"இன்னும் ஆழமா, கழுதை. அவன் இருந்தா ஆட்டிப் பாத்துட்டுத் திரும்ப நடச் சொல்வான்."

பிடுங்கி, முழு பலத்தோடு மறுபடி இறக்கினாள். வெண்டல் தலையாட்டினார். அவர் கண்ணைக் காட்டாமல் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மேலே முதல் ஆள் தெரிந்தான். கண்மண் தெரியாத வேகம். கழிகளைக் கண்டதும் வேகத்தை அடக்கி, நன்றாக ஒதுங்கி வளைந்து போனான். பின்னால் வந்த சின்னப் பெண்ணும் அவன் தடத்திலேயே போனாள்.

காரி காலிப் பெட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். போகுமுன் ஒரு கழியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.