நடுப்பாதம்

ஏணியின் கடைசிப் படியில் நிற்பதாக நினைத்துத்தான் காலைத் தரைக்கு இறக்கினான். கீழே இன்னும் ஒரு படி இருந்தது. கால்விரல்கள் அந்தப் படிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் பின்னால் சாய்ந்தது. பாதத்தின் நடுவில் ‘சடக்’கென்று ஒரு சத்தம். பல்லி தரையில் கிடந்தான். இருபது வருஷமாக நாலு மாடிச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு பெயிண்ட் அடித்ததில் வந்த பட்டப்பெயர் அது. விழுந்ததோ முழங்கால் உயரத்திலிருந்து. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சுளுக்குதான் என்று மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். மூன்றாம் நாளே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். உள்ளங்கால் நடுவில் நீலமாகக் கன்றியிருந்ததை முதலில் பார்த்தவள் மனைவிதான்.

“சுளுக்குன்னா அடியில எதுக்கு ரத்தம் கட்டுது?”

“உன்னை டாக்டருக்குப் படிக்க வெச்சிருக்கணும்” என்றான்.

ஐந்து வாரம் அந்தக் கிண்டலிலேயே ஓடியது. பிறகு காலை ஊன்றவே முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனை நிற்கவைத்துப் படம் எடுத்தார். கட்டைவிரல் பக்கத்து எலும்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இருக்கக் கூடாத ஒரு சந்து.

“எலும்புகளைப் பிடிச்சிருக்கற நார் அறுந்துபோச்சு. எடை விழுந்தாத்தான் இந்த விலகல் தெரியும். அப்பவே வந்திருந்தா ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருக்கலாம். நடந்து நடந்து மூட்டு தேஞ்சிடுச்சு. இனி அந்த எலும்புகளை அசையாம ஒண்ணா ஒட்டத்தான் வைக்கணும்.”

“ஒட்டவெச்சா ஏணி ஏறலாமா?”

“நடக்கலாம்” என்றார் அவர்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கால் தரையில் படவில்லை. பத்தாவது மாதம், வேலை எடுத்துச் செய்யும் மச்சான், மனைவியின் தம்பி, அவனை மறுபடி அழைத்துக்கொண்டான். “மாமா, நீங்க கீழ நின்னு கலர் கலந்து குடுங்க, போதும்.” அந்த மரியாதைதான் பல்லியைத் தின்றது. நாள் முழுக்கக் குச்சியால் வாளியைக் கலக்கினான். மேலே எவனோ திட்டுத் திட்டாக அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது. கத்தினான், எவனுக்கும் கேட்கவில்லை.

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறிவிட்டான். நாலு படி நன்றாகத்தான் போனது. ஐந்தாவதில் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எம்பியபோது, உள்ளே யாரோ ஆணியை வைத்து அடித்ததுபோல் இருந்தது. பிரஷ் கீழே விழுந்தது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இறங்குங்க.”

“முடியலடி.”

“மெதுவாத்தான் இறங்குங்களேன்.”

“காலு எங்க இருக்குன்னே தெரியல.” அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டறியாத சத்தம் அது.

பையைத் தரையில் வைத்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாழ்நாளில் ஏணியே ஏறாதவள் இரண்டாம் படியில் நின்றாள். ஒரு கையால் ஏணியைப் பற்றி, மறு கையை விரித்து, படியை விட்டுத் தொங்கிய அந்தப் பாதத்தின் அடியில் கொடுத்தாள்.

“இங்கதான் இருக்கு” என்றாள்.

அவன் எடையை இன்னும் அந்தக் கையில் இறக்கவில்லை.