ஜிகினாவின் மகள்

ராசையா அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் அமெரிக்காவில் ஒரு பறக்கிற மனிதனுக்குக் கல்யாணம் ஆனதும், அவன் தன் பளபளா உடுப்பைக் கழற்றிக் கடலில் வீசிவிட்டுச் சாதாரண ஆளாக வேலைக்குப் போனதும், அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் அவருக்குத் தெரிந்த அளவுக்கு ராயபுரத்தில் வேறு எந்த வியாபாரிக்கும் தெரியாது.

அதற்குக் காரணம் அவர் செய்த தொழில். கப்பலில் வரும் பழைய காகிதத்தை வாங்கித் தரம் பிரித்து மில்லுக்கு அனுப்புகிறவர் அவர். துறைமுகத்திலிருந்து லாரி வந்து குடோன் வாசலில் நிற்கும். கம்பி கட்டிய பொதிகளாகப் பேல்கள் இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெள்ளைக் காகிதம் தனி, அட்டை தனி, நியூஸ் பேப்பர் தனி என்று பிரிப்பார்கள். அந்தப் பேல்களுக்குள் படக்கதைப் புத்தகங்களும் வரும். அந்த ஊரில் விற்காமல் போனவை அவை. கடைக்காரன் அட்டையை மட்டும் கிழித்துக் கம்பெனிக்குக் கணக்குக் காட்டிவிட்டு மீதியைக் குப்பையில் போட்டிருப்பான். அதனால் ராயபுரத்துக்கு வந்து சேர்ந்த எந்தச் சூப்பர் ஹீரோவும் அட்டையோடு வந்ததில்லை. எது முந்தின கதை, எது பிந்தின கதை என்றும் தெரியாது. பேல் பிரிகிற வரிசைதான் கதையின் வரிசை.

அந்தப் பறக்கிற மனிதனுக்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் மின்னியதால் குடோன் பெண்கள் அவனுக்கு ஜிகினா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கிற விஷயத்தில் வடசென்னையை யாரும் மிஞ்ச முடியாது.

அண்ணாச்சியின் ஒரே மகள் ரெஜினா. தாயில்லாப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே குடோனுக்கு வந்து பேல்மேல் ஏறி உட்கார்ந்து ஜிகினா புத்தகங்களைப் பொறுக்குவாள். அப்பா சாப்பிட உட்கார்ந்தால் தட்டுப் பக்கத்தில் சப்பணம் போட்டுக்கொண்டு அன்றைய கதையைத் தமிழில் சொல்லுவாள். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே சோறு பிசைவார். கதையில் பாதி காதில் ஏறாது. ஆனால் அந்தக் குரல் இல்லாமல் சோறு இறங்காது. வளர்ந்து காலேஜ் முடித்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

ஒரு நாள் அவள் தலைகால் புரியாமல் ஓடிவந்தாள்.

"அப்பா, ஜிகினாவுக்குக் கல்யாணம் ஆயிட்டுப்பா! நர்ஸ் நோராவைக் கட்டிக்கிட்டான். முகமூடியே இனிமே வேண்டாம்னுட்டான்."

"எத்தன நாளைக்கு?" என்றார் அண்ணாச்சி. "யாவாரம்னு ஒண்ணு இருக்குலா? பழைய சரக்கு நல்லா ஓடுத கடையில எவன் புதுசு அடுக்குவான்? பாத்துக்கிட்டே இரு, மறுபடியும் உடுப்ப மாட்டிக்கிட்டு வந்து நிப்பான்."

"இல்லப்பா. இந்தத் தடவை நிலைக்கும்."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. பொம்மைப் புத்தகத்துக்குப் போய் இந்தப் பிள்ளை அழுகிறதே என்று அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. அவள் தன் கதையைச் சொல்கிறாள் என்று அவர் கண்டாரா?

பாரி என்று ஒரு வியாசர்பாடிப் பையன். விம்கோ நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடோனுக்கு வந்து படக்கதைப் புத்தகங்களை எடைபோட்டு வாங்கிப் போவான். "எம்மா ரெஜினா, இந்தத் தம்பிக்கு நல்லதாப் பாத்து எடுத்துக் குடு" என்று சொன்னதே அண்ணாச்சிதான். அவளும் நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்! தொண்ணூற்று ஒன்பதில் இருவரும் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அண்ணாச்சி கத்தவில்லை, ஆள் அனுப்பவில்லை. "நம்ம சாதியும் இல்ல, நம்ம வேதமும் இல்ல. எத்தன நாளைக்கு?" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். ஜிகினாவுக்குச் சொன்ன அதே வார்த்தை. சொல்லிவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்.

பெத்த மனம் பித்து என்பார்கள். மகளின் கட்டிலுக்கு அவரே உறை மாற்றினார். சாப்பிடும்போது தட்டுப் பக்கத்துத் தரையில் யாரையும் உட்காரவிடவில்லை. பேலில் ஜிகினா வந்தால் மில்லுக்குப் போகவிடாமல் தனியாக எடுத்து வைத்தார். வந்தால் கேட்பாள் இல்லையா?

எடுத்து வைத்தவர் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டிப் படம் பார்த்தார். ஜிகினா கஞ்சியை அடிப்பிடிக்க விட்டான், தொட்டிலை ஆட்டினான், பஸ்ஸைத் தவறவிட்டு மழையில் நனைந்தான். ஒரு கையால் மலையைத் தூக்கினவன் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாமல் விழித்தான். "நல்லாத்தாம்ல இருக்கான் பய" என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு தன்மேலேயே கோபம் வந்து புத்தகத்தைப் படக்கென்று மூடினார்.

குடோன் மேஸ்திரி அத்தாவுல்லா அவ்வப்போது செய்தி கொண்டுவருவான். "அண்ணாச்சி, நம்ம பாப்பாவுக்குப் பொண்ணு பொறந்துகீதாம்" என்று அவன் சொன்னபோது, "நான் ஒங்கிட்ட கேட்டனா?" என்று சீறினார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரு பேல் பிரிந்தது. அதில் ஒரு ஜிகினா புத்தகம். அண்ணாச்சி முதல் பக்கத்தைப் பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜிகினா உடுப்பு மாட்டியிருந்தான், முகமூடியும் இருந்தது. பக்கம் பக்கமாகத் தேடினார். நோரா இல்லை, தொட்டில் இல்லை. ராட்சத எந்திரத்தை அடித்து நொறுக்கிவிட்டு வந்து, தனி அறையில் உட்கார்ந்து டப்பாச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தான்.

"உடுப்ப மாட்டிட்டான்" என்றார் அண்ணாச்சி.

அதே வாரம் அத்தாவுல்லா கேட்காமலே இன்னொன்று சொன்னான். "மாப்ளைக்கு கம்பெனிய மூட்டாங்களாம் அண்ணாச்சி. பேஜாரா கீறாங்க. பாப்பாதான் டியூசன் எடுத்து வூட்ட ஓட்டிகினு கீது." அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளைக்கு வேலை போன செய்தி அன்றைக்கு அவர் காதில் தேனாகப் பாய்ந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டையும் கூட்டிப் பார்த்தார். காலம் கனிந்துவிட்டது என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ஜிகினா புத்தகங்களை ஒரு கட்டாகக் கட்டி ஆட்டோவில் ஏறினார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இறங்கி, "நில்லுப்பா, சாமான் ஏத்தணும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினார். மழை ஈரத்தில் படி வழுக்கியது.

மேலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஏய் மகிழினி, ஓடாத சொல்ட்டேன்! வய்க்கி வுயப் போற!" யாரோ பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்தார். நிமிர்ந்தால் ரெஜினா நின்றாள். மெலிந்திருந்தாள். இடுப்பில் புடவையைச் செருகியிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அப்பா."

உள்ளே பாரி பதறி எழுந்து, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டான். "வாங்க மாமா" என்றான். பிறகு அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ வாங்கிவர என்று தூக்குச்சட்டியோடு இறங்கிப் போனான். சுவரில் புத்தர் படம். கீழே தரையில் மூன்று வயதுப் பெண் ஒன்று கிரேயானும் கையுமாக வந்து உட்கார்ந்து, வந்த ஆளை மேலும் கீழும் அளந்தது.

அண்ணாச்சி அதைப் பார்க்காத மாதிரி புத்தகக் கட்டை நீட்டினார். "ஒனக்குன்னுதான் எடுத்து வச்சேன்."

ரெஜினா கட்டைப் பிரித்து ஒரு புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். குடோன் வாசனை. அவள் முகத்தைப் பார்க்க அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. யோசித்து வந்த பேச்செல்லாம் மறந்துபோய், நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மேல இருக்கதப் பாரு. இப்பத்தான் வந்திச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்லா? உடுப்ப மாட்டிட்டான். பழையபடி தனியா இருக்கான். எம்மா, நீயும் வந்திரு. கீழ ஆட்டோ நிக்கி. ஒரு வார்த்தை பழசு பேச மாட்டேன், யேசுவாணை."

ரெஜினா மேலே இருந்த புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்பா, இது தொண்ணூத்தஞ்சுல வந்தது. கல்யாணத்துக்கு முந்தின கதை. பேல்ல பின்னால வந்திருக்கு, அவ்வளவுதான்."

தொட்டுப் பார்த்தே காகிதத்தின் தரம் சொல்கிற ஆள் அண்ணாச்சி. பேலில் பழசும் புதுசும் கலந்துதான் வரும் என்று மில்காரனிடம் ஆயிரம் தடவை சண்டை போட்டவர். அந்த ஆளுக்கு இது தோன்றவே இல்லை. தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா? ஆசை வெட்கம் அறியாது என்பது சும்மாவா? முகம் சுண்டிப்போனது. ஆனால் உள்ளே எங்கோ லேசாக ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அது ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

"அப்ப அந்தக் கல்யாணம் நெலச்சிருச்சா?" என்றார்.

ரெஜினா புத்தகத்தை மூடினாள். "இல்லப்பா. நீங்க சொன்னதுதான் சரி. போன வருஷம் கம்பெனிக்காரன் எல்லாத்தையும் மாத்திட்டானாம். இவரு பிரவுசிங் சென்டர்ல பாத்துட்டு வந்து சொன்னாரு. ஏதோ ஒரு வில்லன் காலத்தையே திருப்பிவிட்டு, கல்யாணமே நடக்கலைன்னு ஆக்கிட்டாங்க. நோரா யாருன்னே அவனுக்குத் தெரியாது."

"கம்பெனிக்காரனுக்கு என்ன வந்திச்சு?"

"அவனை ஏன் சொல்லணும்? படிக்கிறவங்களே கேட்டாங்களாம், எங்களுக்குப் பழைய ஜிகினாதான் வேணும்னு. ரொம்ப ஆசையாப் படிச்சவங்கதான் கேட்டாங்களாம்."

அண்ணாச்சி ஜெயித்துவிட்டார். பழைய சரக்குதான் ஓடும் என்று அவர் சொன்னது பலித்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"அந்தப் பிள்ள?"

"எந்தப் பிள்ள?"

"அவனுக்குப் பொறந்திச்சே. தொட்டில்ல கெடந்திச்சே. அவன் குளிப்பாட்டத் தெரியாம முழிச்சானே. அது எங்க போச்சு?"

"அது பொறக்கவே இல்லைன்னு ஆக்கிட்டாங்கப்பா. யாருக்கும் ஞாபகம் இல்ல. அவனுக்கும் இல்ல."

அண்ணாச்சி மெல்லத் தரையைப் பார்த்தார். மகிழினி குப்புறப் படுத்து நாக்கைத் துருத்திக்கொண்டு எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். ரெஜினாவும் அந்த வயதில் அப்படியே நாக்கைத் துருத்துவாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை.

"நானும் அதத்தானம்மா கேட்டேன்" என்றார். "நாலு வருசமா முழங்காலு போட்டு அதத்தான் கேட்டேன். எல்லாம் பழையபடி ஆகணும் ஆண்டவரேன்னு. இந்தப் பிள்ள இல்லாமப் போகணும்னு நெனச்சுக் கேக்கல. ஆனா நான் கேட்டது அதுதானே."

ரெஜினா அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் மட்டும் கேக்கலையாப்பா? உங்க தட்டுப் பக்கத்துல உக்காந்து கதை சொல்லணும்னு நெனைக்காத நாளே கிடையாது. சோறு வடிக்கிறப்போ, அப்பா சாப்பிட்டிருப்பாரான்னு நெனைக்காம ஒரு நாளும் வடிச்சதில்ல. கூப்பிட்டா வருவேன்ப்பா. ஆனா இவளோடதான் வருவேன், அவரோடதான் வருவேன். அந்தப் பழைய ரெஜினாவைக் கேட்டீங்கன்னா, அவ எங்கிட்டயே இல்ல. நான் எங்கேருந்து குடுப்பேன்?"

அவருக்குக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பழைய பெண்ணுக்காகத்தானே இத்தனை நாள் கட்டிலுக்கு உறை மாற்றினார்? இனி அவள் வரமாட்டாள். அவளை நினைத்து ஏங்கலாமே தவிர, ஆட்டோ வைத்துக் கூட்டிவர முடியாது. கீழே ஹாரன் சத்தம் கேட்டது. அண்ணாச்சி எழுந்து ஜன்னலுக்குப் போய், "நீ போப்பா, சாமான் ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த நோட்டைச் சுருட்டிக் கீழே போட்டுவிட்டு வந்தார். பாரி டீயோடு வந்து எதுவும் கேட்காமல் டம்ளரில் ஊற்றினான். அவர் வாங்கிக்கொண்டார்.

மகிழினிக்குக் கிறுக்கி அலுத்துப்போனது. புத்தகக் கட்டில் மேலாக இருந்ததை உருவிக்கொண்டு வந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். "எம்மா, இன்னா கத இது?"

"இவம் பேரு ஜிகினா" என்று ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தாள். "நைனா மாதிரி வேலைக்குப் போய்கினு கீறான்."

"தனியாவா கீறான்?"

"தனியா இல்ல. வூட்ல அவனுக்கு ஒரு பாப்பா கீது."

மகிழினி சும்மா நம்புகிற ஜாதி இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எந்திரம் இருந்தது, நெருப்பு இருந்தது, டப்பாச் சோறு இருந்தது. பாப்பா இல்லை.

"எங்க? காணோம். நீ டூப்பு வுடுற."

மகிழினி நாற்காலியில் இருந்தவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர் யாரைக் கண்டாலும் கூப்பிடுகிற மாதிரி அவரையும் கூப்பிட்டாள்.

"தாத்தா, நீ சொல்லு. பாப்பா கீதா, இல்லியா?"

"இருக்கும்மா" என்றார் ராசையா அண்ணாச்சி. "நான் பாத்தேன்."