மாமனாரின் மாத்திரை

மேசை நீளத்துக்குச் சட்டைத் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது. வெட்டும் மெஷினைப் பிடித்திருந்த கை நடுங்கவே, மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெண்ணாக இருந்தாலும் அந்த ரெடிமேட் கம்பெனியில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வெட்டிய துணி தையலில் கோணாது என்று பெயர்.

"என்ன மாஸ்டர், சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள் இஸ்திரி போடுகிறவள்.

"ஆமா, லேசா."

சளி இல்லை. கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. கெண்டைக்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கழிவறைக்குப் போய்க் கைப்பையின் மடிப்பு ஒவ்வொன்றையும் துழாவினாள். காலி அட்டைதான் சரசரத்தது.

அவளுக்கு முதுகுத் தட்டு விலகி ஆபரேஷன் ஆனபோது டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை அது. "வலி தாங்கலன்னா மட்டும், அளவா" என்றுதான் அவர் சொன்னார். வலி பொய்யில்லை. நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை. ஒன்று இரண்டாயிற்று; ஒரு டாக்டர் போதாமல் இன்னொரு டாக்டரிடமும் சீட்டு வாங்கினாள். கடைசியில் மருந்துக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "பழைய சீட்டுக்கு இதக் குடுக்க முடியாதும்மா. டாக்டரப் பாருங்க." பார்த்தால், எத்தனை போடுகிறாய் என்று கேட்பார். அதனாலேயே அவள் போகவில்லை. மாத்திரை தீர்ந்த பிறகுதான் இந்த நடுக்கமும் கொட்டாவியும்.

வீட்டில் மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார். மின்சார லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆயுசெல்லாம் கம்பத்துல ஏறினவன், பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன் பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்திருந்தார்கள். அவருக்கும் அதே மாத்திரைதான். கொடுப்பது மருமகளின் பொறுப்பு. "உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி" என்று கணவன் அவளிடம் விட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மாமனாரின் மாத்திரையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அதே போல வெள்ளையாக இருந்த காய்ச்சல் மாத்திரையை அவரிடம் கொடுத்தாள். சற்று நேரத்தில் கால் குடைச்சல் அடங்கியது. நாளைக்கு இதைச் செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அதையேதான் நினைத்தாள்.

மாமனார் தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டு முனகினார். நடை பழக்க வந்தவர் தூக்கி நிறுத்தினால், கால் தரையில் பட்டதும் அலறினார்.

"எல்லாருக்குந்தான் ஆபரேஷன் ஆகுது. கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டு நடங்கப்பா" என்று மகன் கடிந்துகொண்டான்.

"கடிக்கத்தாண்டா பாக்கறேன். இருக்கறதே நாலு பல்லு."

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

வலி குறையாததால் மாமனாரை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு நல்லா சேருதே! இவ்வளவு வலி இருக்கக் கூடாது. மாத்திரை ஒழுங்கா போகுதா?"

"இவதான் டாக்டர் குடுக்கறா. நேரம் தவறவே மாட்டா" என்றான் கணவன்.

"அப்ப அளவு பத்தல. ரெண்டு மடங்காக்கிப் பாப்போம். வயசானவரு, மூச்சு மந்தமாகுதான்னு மட்டும் கவனிச்சுக்கங்க."

பேனா காகிதத்தைத் தொட்டது. இரண்டு மடங்கு என்றால் நமக்கும் மிஞ்சும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தன் மனசைப் பார்த்துத் தானே பயந்துபோனாள். என்றைக்காவது அவ்வளவும் அந்த மாத்திரை பழகாத அவர் வயிற்றுக்குள்ளேயே போய், மூச்சு நின்றுவிட்டால்?

"எழுதாதீங்க டாக்டர்!" எழுந்தே விட்டாள். "அவருக்கு அந்த மாத்திரை போகவே இல்ல. நான் போட்டுக்கிட்டேன். அவருக்குக் காய்ச்சல் மாத்திரதான் குடுத்தேன்."

"என்னடி சொல்ற?" கணவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "எங்கப்பா துடிச்சாரே! பாத்துக்கிட்டா இருந்த?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எவ்வளவு நாளாக, எத்தனை, என்ன வேலை செய்கிறாள் என்று விசாரித்தார். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"செஞ்சது பெரிய தப்பு. ஆனா உங்களப் பிடிச்சிருக்கறது ஒரு நோய், அதுக்கு வைத்தியம் இருக்கு. திடீர்னு நிறுத்திடாதீங்க, உடம்பு தாங்காது. என் கண்காணிப்புல கொஞ்சங்கொஞ்சமா குறைப்போம். முதுகுக்குப் பயிற்சி சொல்லித் தரச் சொல்றேன். அதுவரைக்கும் வெட்டற மெஷினத் தொடாதீங்க. ரெண்டு பேரோட மாத்திரையும் உங்க வீட்டுக்காரர் கையில இருக்கட்டும்."

அந்த மாதங்கள் லேசில் கழியவில்லை. உடம்பு முறுக்கியது, எரிச்சல் தலைக்கேறியது. ஒரு தடவை மாத்திரைக்காகக் கணவனின் சட்டைப் பையில் கைவிட்டு, அவனிடமே மாட்டிக்கொண்டு அழுதாள். அவன் திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மாமனார் நடக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் யார் மாத்திரை கொடுத்தாலும் உள்ளங்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்த பிறகுதான் விழுங்கினார். அதைப் பார்ப்பதைவிட அவளுக்கு வேறு தண்டனை வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் அவரே கூப்பிட்டார். "உன் வலி எப்படின்னு எனக்கு இப்பத் தெரியும்மா. ஆனா மாத்திரை இல்லாம தவிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அவள் வேலைக்குத் திரும்பினாள். முதுகு வலி முழுசாகப் போய்விடவில்லை. நடுநடுவே உட்கார்ந்து, பயிற்சி செய்து சமாளித்தாள். ஒரு மத்தியானம் இஸ்திரி போடுகிறவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குது மாஸ்டர். முதுகு ஆபரேஷனப்ப குடுத்த ஸ்ட்ராங் மாத்திரை உங்ககிட்ட இருக்குமே, ஒண்ணு குடுங்களேன்."

"இருந்தாலும் குடுக்க மாட்டேன். ஒருத்தருக்கு எழுதினத இன்னொருத்தர் தொடவே கூடாது. வா, நானே உன்ன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாத. என்ன மாத்திரை போடற, எத்தன போடறன்னும் சொல்லிடு. நான் வலிய ஊருக்கெல்லாம் சொன்னேன், மாத்திரைய மட்டும் மறைச்சேன். வலி என்னை மட்டுந்தான் படுத்துச்சு. மறைச்சது என் வீட்டையே படுத்திடுச்சு."